இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம்

தீயின் வெளிச்சத்தைப் பார்த்து அலாரம் அடிக்கிற ஃபிளேம் டிடெக்டர் ஏன் நெருப்பே இல்லாத இடத்தில் கூவுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். என் பிழைப்பு அது. இருபத்திரண்டு வருடமாக ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன், ஒரு சென்சார் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் தினமும் காலையில் என் மேஜைக்கு வருகிற கேள்வி. வெல்டிங் வெளிச்சம், சூடான எக்ஸாஸ்ட் குழாய், லாரிக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில் என்று ஒவ்வொரு காரணமாகப் படித்துக்கொண்டே போனதில், வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்து அது என்ன வெளிச்சம் என்று சொல்லிவிடுகிற ஒரு கருவியில் போய் நின்றேன். பெயர் பாங்மீட்டர். வானத்தில் இருந்தபடி அணுகுண்டு வெடிப்பைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி. அன்றிலிருந்து மூன்று மாதமாக 1979 செப்டம்பர் 22 என்ற தேதி என்னை விடவில்லை. குண்டு மேல் உள்ள ஆர்வம் மட்டும் காரணமில்லை, ஒரு லாக் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கிற ஒரு வரியும் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர். ஹோலிக்குக் கஞ்சா இலையை அரைத்துப் பாலில் கலந்து குடிப்பார்களே, அந்த பாங்தான். 1940களின் கடைசியில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், வெடிப்பின் வெளிச்சத்தை வைத்தே குண்டின் வலிமையை அளந்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, இது வேலை செய்யும் என்று நம்புகிறவன் பாங் அடித்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று பிரெட் ரெய்ன்ஸ் வைத்த பெயராம். பின்னாளில் நியூட்ரினோவைக் கண்டுபிடித்ததற்காக 1995இல் நோபல் பரிசு வாங்கினாரே, அதே ரெய்ன்ஸ். கருவி வேலை செய்தது. பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

அது வேலை செய்யும் விதத்தைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு அழகான யோசனை. காற்றில் வெடிக்கும் அணுகுண்டின் வெளிச்சம் இரண்டு முறை வருகிறது. முதலில் ஒரு மில்லி விநாடிக்குள் ஒரு பளீர். உடனே அதிர்ச்சி அலை முன்னால் பாய்ந்து, சுற்றியுள்ள காற்றைக் கொதிக்க வைத்து, ஒளி ஊடுருவ முடியாத ஓடு மாதிரி ஆக்கிவிடுகிறது. உள்ளே அதைவிடப் பல மடங்கு சூடான தீக்கோளம் இருக்கிறது, ஆனால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ஓட்டின் மேற்பரப்புதான். ஓடு விரிய விரியக் குளிர்கிறது, வெளிச்சம் மங்கி ஒரு பள்ளத்தில் விழுகிறது. அப்புறம் ஓடு தெளிந்து உள்ளே இருக்கும் தீக்கோளம் தெரியத் தொடங்குகிறது, வெளிச்சம் மறுபடி ஏறுகிறது, இந்த முறை நிதானமாக, நீளமாக. மொத்த வெளிச்சத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் இந்த இரண்டாவது மேட்டில்தான் இருக்கிறது. சில கிலோ டன் குண்டு (ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல்) என்றால் பத்தில் ஒரு விநாடிக்குள் இரண்டாவது உச்சம் வந்துவிடும். ஒரு மெகா டன் என்றால் ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். ஆக, பள்ளம் எப்போது, உச்சம் எப்போது என்று இரண்டு நேரத்தை அளந்தால் போதும், குண்டு எவ்வளவு பெரியது என்பதே வந்துவிடும். படம் எடுக்க வேண்டியதில்லை, லென்ஸ் வைத்துக் குறிபார்க்க வேண்டியதில்லை, ஒரு சிலிக்கான் செல்லும் வேகமான ஒரு கடிகாரமும் இருந்தால் சரி. மின்னல் சட்டென்று வந்து போய்விடும், விண்கல் எரிவது அதைவிட மெதுவாக நடக்கும். இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் இந்த வேகத்தில், இந்தப் பிரகாசத்தில் போடுகிற வேறு எதுவும் இயற்கையில் இருப்பதாகத் தெரியவில்லை.

இதை ஏற்றிக்கொண்டு போனவைதான் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள்கள். ஸ்பானிய மொழியில் கண்விழித்துக் காவல் இருப்பதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர். காற்றிலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் 1963 அக்டோபர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த வாரம் முடிந்து அடுத்த வாரத்திலேயே முதல் ஜோடி வேலா மேலே போய்விட்டது. பூமியில் இருந்து ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேலே, கதிர்வீச்சுப் பட்டைகளைத் தாண்டி, எப்போதும் ஜோடியாக, பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில். முதலில் போனவை விண்வெளியில் வெடித்தால் பிடிக்க எக்ஸ் கதிர், காமா கதிர், நியூட்ரான் சென்சார்களோடு போயின, 1967 முதல் போனவற்றில்தான் பூமியைப் பார்க்கும் பாங்மீட்டர்கள் இருந்தன. 1970 வரை மொத்தம் 12.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. 1967 ஜூலை 2 அன்று வேலாவின் காமா கதிர் சென்சார்களில் ஒரு துள்ளல் பதிவானது. குண்டு மாதிரி இல்லை. ரே கிளெபசடெல் என்ற லாஸ் அலமோஸ் விஞ்ஞானி அதைத் தூக்கிப் போடவில்லை, எடுத்து வைத்தார். அடுத்தடுத்த வேலாக்களில் கடிகாரம் இன்னும் துல்லியமானபோது, ஒரே துள்ளல் எந்தச் செயற்கைக்கோளுக்கு எத்தனை நொடித் துளி முன்னால் வந்தது என்று கணக்குப் போட்டு, வருகிற திசை பூமியும் இல்லை சூரியனும் இல்லை என்று கண்டார்கள். 1973இல் மூன்று பேராகச் சேர்ந்து 16 துள்ளல்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிரபஞ்சத்தின் மிகப் பெரிய வெடிப்புகளான காமா கதிர் வெடிப்புகள் மனிதனுக்கு அறிமுகமானது அப்படித்தான், என்னவென்று தெரியாத ஒரு பதிவை ஒருவர் தெரியாது என்றே வைத்திருந்ததால். இதைப் படித்தபோது எனக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது.

1979, அந்த அதிகாலை

சரி, அந்த நாளுக்கு வருவோம். 1979 செப்டம்பர் 22, கிரீன்விச் நேரம் அதிகாலை ஒரு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது வேலா 6911 ஒரு இரட்டை மேட்டைப் பதிவு செய்தது. தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே, பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் இருக்கிற பக்கம், மனித நடமாட்டமே இல்லாத கடல். நேரங்களை வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று கிலோ டன். அதற்கு முன்னால் வேலாக்கள் இதே மாதிரி 41 முறை இரட்டை மேட்டைப் பார்த்திருந்தன, பிரான்சும் சீனாவும் செய்த சோதனைகள் அதில் அடக்கம், 41ம் குண்டு என்று பிறகு வேறு வழியில் உறுதியாகியிருந்தது. இது 42வது. இந்த முறை யாரும் நாங்கள்தான் என்று சொல்லவில்லை. அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி சொன்ன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது.

அதிபர் கார்ட்டரின் அறிவியல் ஆலோசகர் ஃபிராங்க் பிரெஸ் ஒரு குழு அமைத்தார். எம்ஐடியின் ஜாக் ருயினா தலைவர். லூயிஸ் ஆல்வரஸ், ரிச்சர்ட் கார்வின், வுல்ஃப்காங் பனோஃப்ஸ்கி மாதிரி பெரிய இயற்பியல் ஆட்கள் உறுப்பினர்கள். 1980 மே மாதம் அவர்கள் சொன்ன முடிவு: அநேகமாக அணு வெடிப்பு இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. வேலா 6911இல் இரண்டு பாங்மீட்டர்கள் இருந்தன, ஒன்றின் உணர்திறன் அதிகம், மற்றதன் உணர்திறன் குறைவு. தூரத்தில் இருக்கும் ஒரே வெளிச்சத்தை இரண்டும் பார்த்தால் இரண்டு அளவுகளுக்கும் இடையே ஒரே விகிதம் இருக்க வேண்டும். அன்றைய பதிவின் இரண்டாவது மேட்டில் அந்த விகிதம் சரியாக இல்லை. அப்படியென்றால் வெளிச்சம் தூரத்தில் இல்லாமல் செயற்கைக்கோளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கலாம். ஒரு சின்ன விண்துகள் செயற்கைக்கோளில் மோதி, தெறித்த துணுக்குகளில் வெயில் பட்டு மின்னியிருக்கலாம் என்றது குழு. வேலாவில் இப்படி விளங்காத துள்ளல்கள் ஏராளமாக வரும், அவற்றுக்கு விஞ்ஞானிகள் வைத்திருந்த பெயர் மிருகக்காட்சிசாலை. இதுவும் அந்தக் கூண்டில் ஒன்று என்று முடிந்தது.

இதை முதலில் படித்தபோது நான் முழுக்கக் குழுவின் பக்கம் இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. என் தொழிலில் இருக்கிற யாரும் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். 1969 மே மாதம் மேலே போன சாமான், பத்து வருடம் தாண்டிவிட்டது, மின்காந்தத் துடிப்பைப் பிடிக்கும் சென்சார் அப்போதே செத்துப்போய்விட்டது, மிச்சம் இருக்கிற இரண்டு சென்சாரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எந்த ஆலையிலும் இதைப் பார்த்தவுடனே வாயில் வருகிற வார்த்தை ஸ்பூரியஸ். பொய் அலாரம். லாஸ் அலமோஸிலும் சாண்டியா ஆய்வகத்திலும் அந்தக் கருவியைச் செய்து, வருடக்கணக்கில் அதன் பதிவுகளோடு வாழ்ந்தவர்கள் இது குண்டுதான் என்று சொன்னதைப் படித்தபோதுகூட, தான் செய்த கருவியை யார் விட்டுக்கொடுப்பார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் கடலுக்கடியில் கேட்ட ஒலிகளை வைத்து 300 பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதி, ஓசை பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் பக்கமிருந்து வந்தது என்றது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி அன்று காலை வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் தென்கிழக்கில் இருந்து வடமேற்காக ஓர் அலை போனதைப் பார்த்தது. அதையும் படித்தேன். கடலில் ஆயிரம் ஓசை, வானத்தில் ஆயிரம் அலை என்று தோன்றியது. விமானப்படை விமானங்கள் பறந்து பறந்து காற்றை வடிகட்டியும் கதிரியக்கத் தூசி ஒன்றும் சிக்கவில்லை என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆட்டின் கழுத்தில் இருந்தது

என்னைத் திருப்பியது ஆடு. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் வான் மிடில்ஸ்வொர்த் என்று ஒரு தைராய்டு ஆராய்ச்சியாளர். 1950களிலேயே குண்டுச் சோதனைகளில் இருந்து வரும் கதிரியக்க அயோடின் மாட்டின் தைராய்டில் வந்து சேர்வதைக் கண்டவர். அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை, பல ஊர்களில் இருந்து கால்நடைகளின் தைராய்டு சுரப்பிகளை வரவழைத்து அளந்துகொண்டே இருந்தார். அதில் ஒரு ஊர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். அங்கே அறுக்கப்படும் ஆடுகளின் கழுத்தில் இருந்து, மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கருஞ்சிவப்புச் சுரப்பியை வெட்டியெடுத்து, கட்டி, கடல் தாண்டி அனுப்புவார்கள். ஒன்றுமே இல்லாத மாதங்களிலும் அனுப்புவார்கள், அவரும் அளந்து, ஒன்றும் இல்லை என்று எழுதி வைப்பார். 1979இன் கடைசி மாதங்களில் வந்த மெல்போர்ன் சுரப்பிகளில் அயோடின் 131 இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

அயோடின் 131இன் அரை ஆயுள் எட்டு நாள். இதைப் படித்தவுடன் பேனாவை எடுத்து மேஜையில் கிடந்த பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய சோதனைகளின் மிச்சமாக இது இருக்கவே முடியாது, எல்லாம் எப்போதோ கரைந்து போயிருக்கும். எங்கோ, சில வாரங்களுக்கு முன், அணு பிளந்திருக்கிறது. காற்றில் வந்து, மழையோடு இறங்கி, புல்லில் படிந்து, புல்லை மேய்ந்த ஆடு உடம்பில் இருக்கிற அயோடினை எல்லாம் கழுத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரியே இதையும் சேர்த்திருக்கிறது. 2018இல் கிறிஸ்டோபர் ரைட், லார்ஸ் எரிக் டி கீர் என்ற இருவர் அந்தப் பழைய அளவுகளை எடுத்து, அந்த வாரத்தின் காற்றும் மழையும் எந்தப் பக்கம் போயின என்று கணக்கிட்டு, பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் பக்கம் செப்டம்பர் 22 அன்று வெடித்திருந்தால் அது ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் வந்து இறங்கியிருக்கும் என்று காட்டினார்கள். ஆட்டுக்குப் பாங்மீட்டரைப் பற்றித் தெரியாது, அதற்கு எந்தப் பக்கமும் இல்லை. அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு சால்வென்ட் ஷெட், அதாவது எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் டிரம்களை வைக்கும் கொட்டகை, நினைவுக்கு வந்துவிட்டது. பல வருடம் முன்னால், வேறு ஒரு ஆலை, இரவு ஷிஃப்ட். ஷெட்டுக்கு மேலே இரண்டு ஃபிளேம் டிடெக்டர்கள். இரண்டில் ஒன்று பழையது, மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டே கால் மணிக்குப் பழையது கூவியது, நாலைந்து நொடிதான், அப்புறம் தானாக அடங்கிவிட்டது. புதியது வாயே திறக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். டிரம்களுக்கு நடுவே போகிற வழியில் பார்த்தோம், புகை இல்லை, வாசனை இருந்ததா என்று கேட்டால் சால்வென்ட் ஷெட்டில் எப்போது வாசனை இல்லை. கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினோம். ஷிஃப்ட் இன்சார்ஜ் நல்ல மனிதர், என்னை விடப் பதினைந்து வயது பெரியவர், "ஸ்பூரியஸ்னு எழுதிடு தம்பி, தீன்னு எழுதினா காலையில ஷெட்டை மூடணும், டிஸ்பாட்ச் நிக்கும்" என்றார். "ரெண்டும் ஒத்துப்போகலையே சார், அப்ப ஸ்பூரியஸ்தான்" என்று நானே காரணமும் எடுத்துக் கொடுத்தேன். எழுதினேன். பத்தொன்பது நாள் கழித்து, டிரம்களை நகர்த்திப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா வந்து கூப்பிட்டார். பின்சுவரோரம், கட்டைத் தட்டுக்குப் பின்னால், எரிந்து சாம்பலாகிப் போன கழிவுப் பஞ்சு ஒரு கைப்பிடி, அதற்கு மேலே சுவர்ப் பெயிண்ட் ஒரு முழ உயரத்துக்குக் கொப்பளித்துக் கறுத்திருந்தது. பழைய டிடெக்டரின் பார்வையில் அந்த மூலை வரும். புதியதன் பார்வையை டிரம் அடுக்கு மறைத்திருந்தது. பஞ்சு தானாக அணைந்ததால் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

வாய்மையான சென்சார் பழையதாக இருந்தது, நாங்கள் பொய்யென்று தீர்ப்பு எழுத அதன் வயதையே காரணமாக்கினோம். அந்த விண்துகள் விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது என் குரலே கேட்கிறது. இரண்டும் ஒத்துப்போகலையே சார்.

ஆல்வரஸும் கார்வினும் மனசாட்சியை விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அநியாயம். அவர்கள் எழுதியது "அநேகமாக". அந்த ஒரு சொல்லில் அவர்களின் நேர்மை இருக்கிறது. ஆனால் அந்த அறையில் இருந்து வெளியே வரும்போது அந்தச் சொல் உதிர்ந்து போய், குண்டு இல்லை என்பது மட்டும் மிஞ்சியது, அது யாருக்கு வசதி என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் எகிப்தும் இஸ்ரேலும் வாஷிங்டனில் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன, கார்ட்டரின் பெரிய சாதனை அது. சோவியத்தோடு செய்த ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செனட்டில் காத்துக்கொண்டிருந்தது. ஒரு மீறலையே நிரூபிக்க முடியாதவர்கள் சோவியத்தை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று கேட்க எதிர்ப்பவர்கள் தயாராக இருந்தார்கள். அடுத்த வருடம் தேர்தல். 2010இல் வெளியான தன் நாட்குறிப்பில் கார்ட்டர் அந்த 22ஆம் தேதியே மூன்று வாய்ப்புகளை எழுதி வைத்திருக்கிறார்: தென்னாப்பிரிக்கா, கடலில் கப்பலை வைத்து இஸ்ரேல், அல்லது ஒன்றுமே இல்லை. 1980 பிப்ரவரி 27 அன்று, இஸ்ரேல்தான் சோதனை நடத்தியது என்ற எண்ணம் எங்கள் விஞ்ஞானிகளிடையே வலுத்து வருகிறது என்ற பொருளில் எழுதுகிறார். குழுவின் அறிக்கை வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. நாட்குறிப்பில் ஒன்று, லாக் புத்தகத்தில் வேறு ஒன்று. இஸ்ரேல் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. 1993இல் தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளர்க் ஆறு குண்டுகள் செய்து அழித்ததை அறிவித்தபோது, தாங்கள் ஒருபோதும் சோதனை நடத்தவில்லை என்றார். நான் இப்போது அது குண்டு என்ற பக்கம் நிற்கிறேன். யாருடையது என்பதில் எனக்கும் என் ஊகம் உண்டு, ஊகமாகவே இருக்கட்டும்.

மத்தியதரைக் கடலில் விழுந்த கல்

இதையெல்லாம் சொன்னபோது ஒரு நண்பர், அது முடிந்து போன பழைய கதை, இப்போது அதனால் என்ன என்று கேட்டார். அவருக்கு 2002 ஜூன் 6 பற்றிச் சொன்னேன். அன்று மத்தியதரைக் கடலின் மேலே, கிரீசுக்கும் லிபியாவுக்கும் நடுவே, ஒரு விண்கல் காற்றில் வெடித்தது. ஹிரோஷிமா குண்டின் அளவுக்கு ஆற்றல். வேலாவின் பேரப்பிள்ளைகளான அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அதைப் பார்த்து, குண்டு இல்லை, கல் என்று சொல்லிவிட்டன. அந்த வாரம் நம் எல்லையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது ஞாபகம் இருக்கிறதா? நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து லட்சக்கணக்கில் படைகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது, மே மாதம் ஜம்முவின் காலுசக் ராணுவக் குடியிருப்பில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு சண்டை எந்த நாளும் தொடங்கலாம் என்று வெளிநாட்டுத் தூதரகங்கள் தங்கள் ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அமெரிக்க விமானப்படையின் சைமன் வோர்டன் அந்த ஆண்டே அங்குள்ள நாடாளுமன்றக் குழுவின் முன்னால் இதைச் சொன்னார்: பூமி சுழல்வதால், அதே கல் சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இந்தியா, பாகிஸ்தான் பக்கம் வெடித்திருக்கும், கல்லா குண்டா என்று பிரித்துச் சொல்லும் சென்சார்கள் அந்த இரண்டு நாடுகளிடமும் இல்லை. இதை முதல் தடவை படித்தபோது அந்த ஜூன் மாதத்தில் நான் எங்கே இருந்தேன், அம்மா எங்கே இருந்தார் என்று யோசித்தேன்.

அப்படி நடந்திருந்தால், மேலே இருந்து பார்த்த நாடு தொலைபேசியை எடுத்து டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் "அது குண்டு இல்லை, கல்" என்று சொல்லியிருக்கும். சில நிமிடங்களுக்குள் அந்த வார்த்தையை நம்ப வேண்டும். 1979இல் அதே நாடு, அதே மாதிரி சென்சாரில் வந்த பதிவுக்கு, அது குண்டு இல்லை, துகள் என்று சொல்லியிருக்கிறது, உள்ளே வேறு மாதிரி எழுதிக்கொண்டே. என்னை உறுத்துவது இதுதான். ஒரு முறை வசதிக்காக ஸ்பூரியஸ் என்று எழுதினால், அடுத்த முறை உண்மையாகவே ஸ்பூரியஸ் என்று சொல்லும்போது எதிரே இருப்பவன் எதை வைத்து நம்புவான்? உயிரைக் காப்பாற்றப் போவது அந்த இரண்டாவது வார்த்தை.

இத்தனைக்கும் கண்கள் குறையவில்லை. 1980 முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலேயே பாங்மீட்டரையும் எக்ஸ் கதிர் சென்சாரையும் ஏற்றத் தொடங்கினார்கள். உங்கள் செல்போனில் வழி காட்டுகிறதே, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அதே கூட்டம், இன்னொரு பக்கம் பூமி முழுக்க இரட்டை மேட்டுக்காகக் காத்திருக்கிறது. ஆனால் அது பார்ப்பது அமெரிக்க ராணுவத்துக்கு. 1996இல் எல்லாச் சோதனைகளையும் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தது, நாம் கையெழுத்துப் போடவில்லை, அது வேறு விவாதம். அதற்கான சர்வதேசக் கண்காணிப்பு வலையில் நில அதிர்வு இருக்கிறது, கடல் ஒலி இருக்கிறது, காதுக்குக் கேட்காத தாழ் ஒலி இருக்கிறது, கதிரியக்கத் துகள் பிடிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் இல்லை. எல்லோருக்கும் பொதுவான பாங்மீட்டர் ஒன்றுகூட வானத்தில் இல்லை. விண்கற்கள் எரிந்த பதிவுகளை 2022இல் அமெரிக்க விண்வெளிப் படை பெரிய அளவில் வெளியிட்டது, நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்த வரிசையில் 1979இன் முழுக் கோப்பும் வர வேண்டும், இன்னும் கறுப்புப் பட்டை அடித்தபடி இருக்கும் பக்கங்களோடு சேர்த்து. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் பதிவைப் பார்த்தவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த ஆலையில் கொப்பளித்த சுவருக்கு மறுநாளே சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தார்கள். பழைய டிடெக்டரையும் அந்த வாரமே மாற்றினார்கள், ஐந்து மாதமாக வராத சாமான் மூன்று நாளில் வந்தது. லாக் புத்தகத்தை யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. அங்கிருந்து கிளம்பும் முன் ஒரு முறை அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன், இரண்டு பதினேழு, நான்கு நொடி, அதற்கு நேரே காரணம் என்ற கட்டத்தில் அந்தச் சொல், கீழே என் கையெழுத்து. இப்போது என்னோடு இரவு ஷிஃப்டில் இருக்கும் பையன் போன வாரம் ஒரு அலாரத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. தெரியவில்லை என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் காலையில் கேள்வி வருமே அண்ணே என்றான். வரும் என்றேன், எழுதினான்.